பெட்டியில் உறங்கிய 23 துணிகள்

 

உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். அடித்தட்டில் பழைய செய்தித்தாளை விரித்து, அந்துருண்டை போட்டு, வெட்டப்படாத துணிகள் சில அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பயணத்திலிருந்து வந்தவர்கள் கொடுத்தவை, கல்யாண வீட்டில் கிடைத்தவை, மலிவாக இருக்கிறதே என்று வாங்கியவை. 'பிறகு தைத்துக் கொள்ளலாம்' என்று எடுத்து வைத்திருப்பீர்கள். அந்தப் 'பிறகு' மட்டும் வந்திருக்காது!

ஹிஜ்ரி 1446ஆம் ஆண்டு முஹர்ரம் பிறந்தபோது, அதாவது 2024 ஜூலையில், எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இத்தகைய துணிகள் 23 இருந்தன. வளைகுடா நாட்டில் பணிபுரியும் என் கணவர் ஒவ்வொரு விடுமுறைக்கும் வாங்கி வந்தவையே அவற்றுள் பெரும்பாலானவை. அதே ஆண்டு என் இளைய மகள், முழங்கை கிழிந்த உடுப்புடன் மதரஸாவுக்குப் போய் வந்து கொண்டிருந்தாள். பெட்டி நிறையத் துணி. பிள்ளையின் முழங்கையில் கிழிசல்! இதை எனக்குச் சுட்டிக் காட்டியவர் என் மாமியார்தான். "துணி இல்லாத வீடு ஏழை வீடு. துணி இருந்தும் உடுக்காத வீட்டை என்னவென்று சொல்வது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

அன்றைய தினமே அவர்களுடைய பழைய கால்மிதித் தையல் இயந்திரத்தின் மீது கிடந்த போர்வையை அகற்றினேன். ஓராண்டுக்குள் இந்தப் பெட்டியைக் காலி செய்வது என்று நிய்யத்து வைத்துக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டைத்தான் இப்போது உங்கள் முன் விரிக்கிறேன். இதில் வெற்றிகளும் உண்டு. வெட்கப்பட வேண்டியவையும் உண்டு.

தையல் தாழ்ந்த தொழிலா?

தொடங்கும் முன் ஒரு சொல். தையல் என்றதும் 'கூலிக்காரர் வேலை' என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் இன்றும் உள்ளனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைத்துக் கொள்வார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னையவர்கள் விடையளித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அகிலத்தின் அருட்கொடையாக வந்த பெருமானாரின் விரல்கள் ஊசி பிடித்திருக்கின்றன. நம் விரல்களுக்கு அதைவிட என்ன பெருமை வேண்டும்?

நேர்த்தையலும் பொறுமையும்

எங்கள் இயந்திரம் பல ஆண்டுகளாக ஓடாமல் கிடந்தது. பழுது பார்ப்பவரை அழைத்துப் பெல்ட்டையும் ஷட்டிலையும் மாற்றியதற்கு 700 ரூபாய் ஆயிற்று. சேமிக்கப் புறப்பட்டவளுக்கு முதற்செலவே இதுதான்! எண்ணெய் விட்டு, பழைய துணியில் சற்று நேரம் ஓட்டி, கசடு எண்ணெய் முழுவதும் வெளிவந்த பின்னரே நல்ல துணியை வைக்க வேண்டும் என்பதையும் அப்போது கற்றேன். இதை அறியாத சகோதரிகள் முதல் தையலிலேயே துணியைக் கறையாக்கி விடுகின்றனர்.

முதல் இரண்டு மாதங்களும் பெட்டித் துணியைத் தொடவில்லை. நடுவில் நைந்துபோன பழைய படுக்கை விரிப்புகளின் ஓரங்களை எடுத்து 6 தலையணை உறைகள் தைத்தேன். விரிப்பு எப்போதும் நடுவில்தான் நையும். ஓரங்கள் உறுதியாகவே இருக்கும். தலையணை உறைக்குத் தேவை நேர்த்தையல் ஒன்றுதான். காலும் கையும் ஒன்றுக்கொன்று இணங்குவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. முதல் உறையின் தையல் பாம்பு போல வளைந்தது. ஆறாவது உறை நேராக வந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

பெரிதாகிப் போன கழுத்து

ரபீஉல் அவ்வலில் துணிவு வந்தது. எனக்கும் மாமியாருக்கும் தொழுகைக்கான மக்கனா தைக்க எண்ணிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கனமான வெள்ளைத் துணிக் கட்டு ஒன்று கிடந்தது. நல்ல பருத்தி. மக்கனாவுக்கு இதைவிடப் பொருத்தமான துணி ஏது என்று வெளியே எடுத்தேன். மாமியார் அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, திரும்பவும் பெட்டியின் அடியிலேயே வைத்தார்கள். "இதை மட்டும் வெட்டாதேம்மா" என்றார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வேறு துணியில் மக்கனா வெட்டினேன். முகம் நுழையும் வட்டத்தைக் கண்ணளவில் வெட்டியதால் அது பெரிதாகி, தலையிலிருந்து தோளுக்கு நழுவியது. சகோதரிகளே, இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கழுத்தையும் முகவட்டத்தையும் முதலில் சிறிதாக வெட்டுங்கள். சிறிதாக இருந்தால் பெரிதாக்கலாம். பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்க இயலாது. நாவிலிருந்து புறப்படும் சொல்லும் இப்படித்தான் என்று மாமியார் சொல்லிச் சிரித்தார்கள்.

கெட்டுப்போன துணியை எறியவில்லை. பிள்ளைகள் குர்ஆன் எடுத்துச் செல்ல 3 பைகள் ஆயின. அடுத்து இரண்டு துணிகளில் காகித மாதிரி வெட்டி, தலையில் வைத்துப் பார்த்து, பிறகு தைத்த 2 மக்கனாக்களும் நன்றாக அமைந்தன.

இன்னொரு பாடமும் அம்மாதத்தில் கிடைத்தது. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்னரே இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தித் தேய்த்துக் கொள்ள வேண்டும். இல்லையேல் தைத்த பிறகு முதல் சலவையில் சுருங்கி, அளவெடுத்தது அனைத்தும் வீணாகும்.

பிரிப்பதும் தையல்தான்

ரபீஉல் ஆகிர் தொடங்கி ரஜப் வரை 4 உள்பாவாடைகளும் 2 நைட்டிகளும் தைத்தேன். பாவாடை எளிது. நைட்டியின் கை என்னை அழவைத்தது. பூப்போட்ட துணியை ஒற்றையாக விரித்து இரு கைகளையும் தனித்தனியே வெட்டினேன். பொருத்தும்போதுதான் தெரிந்தது, இரண்டுமே இடக்கைக்கு உரியவை! துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் வெட்டியிருந்தால் இந்தத் துன்பம் நேர்ந்திராது.

தைத்ததை எல்லாம் பிளேடு கொண்டு பிரித்தபோது, திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் வரும் ஓர் உவமை நினைவுக்கு வந்தது. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துச் சிதைத்துவிட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று, செய்த உடன்படிக்கையை முறிப்போரை இறைவன் அதில் எச்சரிக்கின்றான். நூல் பிரிப்பதன் வலி என்ன என்பது ஒருமுறை பிரித்துப் பார்த்தவர்களுக்கே புரியும். ஆயினும் தவறாகத் தைத்ததைப் பிரிப்பது வேறு. அது தவ்பா போன்றது. பிரித்துவிட்டு மறுபடியும் சரியாகத் தைத்தால் பழைய தையலின் துளைகள்கூட இரண்டு சலவையில் மறைந்து விடுகின்றன.

ரமளான் இரவில் செய்த தவறு

இனி நான் வெட்கத்துடன் எழுத வேண்டிய பகுதி. பெருநாள் உடைகளை இம்முறை நானே தைப்பதென்று முடிவு செய்தேன். மகள்கள் இருவருக்கும் சல்வார் கமீஸ், மகனுக்கு ஜிப்பா. ரமளானில் பாதி கழியுமுன் தையற்கடைகளில் 'இனி வாங்க மாட்டோம்' என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா? அந்தக் கவலை இல்லை என்று பெருமைப்பட்டேன். ஷஅபானில் முடித்திருக்க வேண்டிய வேலை. இன்று நாளை என்று தள்ளிப் போட்டேன்.

கடைசிப் பத்து வந்துவிட்டது. ஓர் ஒற்றைப்படை இரவு. மற்றவர்கள் தொழுகையிலும் ஓதுதலிலும் இருக்க, நான் ஜிப்பாவுக்குக் காஜா எடுத்துக் கொண்டிருந்தேன். மாமியார் முஸல்லாவிலிருந்து எழுந்து வந்து விளக்கை அணைக்கவில்லை. என்னைக் கடிந்து கொள்ளவும் இல்லை. "பழைய சட்டை போட்டாலும் பெருநாள் பெருநாள்தான். இந்த ராத்திரி போனால் திரும்பி வராதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிச் சென்றார்கள்.

உண்மைதானே! பெருநாளன்று இருப்பவற்றுள் சிறந்ததை உடுத்துவதுதான் நமக்குக் காட்டித்தரப்பட்டது, புத்தாடை கட்டாயமல்ல. நான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு உளூச் செய்யப் போனேன். 2025 மார்ச் 31 அன்று பெருநாள் வந்தது. மகனின் ஜிப்பாவில் கடைசிப் பொத்தானுக்குக் காஜா இல்லை. அவன் அதைக் கவனிக்கவேயில்லை. அந்த ரமளான்தான் என் மாமியார் எங்களுடன் இருந்த கடைசி ரமளான் என்பதை அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை.

நீண்ட கைகள்

எங்கள் தெருவில் ஓர் இளம் சகோதரி ரஜப் மாதத்தில் கணவரை இழந்தார். மூன்று குழந்தைகள். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்க வேண்டியவர். கடைக்கோ தையற்காரரிடமோ போக இயலாது. போனாலும் கையில் பணமில்லை. பெருநாள் முடிந்து ஷவ்வாலில்தான் எனக்கு அந்த நினைவே வந்தது. என் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடை தைத்த கைகள், நான்கு வீடு தள்ளியிருந்த யத்தீம் பிள்ளைகளை மறந்து போயிருந்தன.

பெட்டியிலிருந்து 4 துணிகளை எடுத்தேன். அக்குழந்தைகளுக்கு 5 உடைகள் வந்தன. வளரும் பிள்ளைகள் என்பதால் பாவாடையின் கீழ் ஓரத்தில் இரண்டு அங்குலமும், பக்கத் தையலில் ஓர் அங்குலமும் உள்ளே விட்டுத் தைத்தேன். அடுத்த ஆண்டு பிரித்து இறக்கிவிட்டால் உடையும் பிள்ளையோடு வளரும்.

அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமக்குப் பின் தம் மனைவியருள் முதலில் தம்மை வந்தடைபவர் மிக நீண்ட கையுடையவரே என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அன்னையர் தத்தம் கைகளை அளந்து பார்த்தார்கள். அளவில் அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் கையே நீளமாயிருந்தது. ஆனால் ஹிஜ்ரி 20இல் முதலில் மறைந்தவர் அன்னை ஜைனப் (ரலி) அவர்கள். தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் உழைத்துப் பொருளீட்டி, அதைத் தர்மம் செய்து வந்த கை அது. நீளம் என்று சொல்லப்பட்டது ஈகையின் நீளமே என்பது அதன் பிறகுதான் விளங்கியது. தையற்கருவியைக் கையில் எடுக்கும் பெண் எவரும் இந்த வரலாற்றை மறக்கலாகாது.

வெள்ளைத் துணி

துல்கஃதாவில் ஒரு வைகறையில், பஜ்ருக்குப் பின், மாமியார் தம் ரப்பிடம் சென்றார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கபன் துணிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, மூத்த நாத்தனார் தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அந்த வெள்ளைக் கட்டு! ஹஜ்ஜுக்குச் சென்றபோது அங்கிருந்து ஜம்ஜம் நீரில் நனைத்து உலர்த்தி எடுத்து வந்ததாம். நான் மக்கனாவுக்காகக் கையில் எடுத்தது எதை என்று அப்போதுதான் அறிந்தேன்.

சகோதரிகளே, இதை நம்மில் எத்தனை பேர் கற்று வைத்திருக்கிறோம்? ஆண்களுக்கு மூன்று துணிகள், பெண்களுக்கு ஐந்து. இடுப்புத் துணி, சட்டை, தலைத்துணி, அவற்றுடன் உடல் முழுதும் சுற்றும் துணி என அமையும்; மத்ஹபுக்கேற்பச் சிறு வேறுபாடுகள் உண்டு. குளிப்பாட்ட வந்த முதிய பெண்மணி என்னிடம் கத்தரியைக் கொடுத்து, "நீதான் தைக்கிறவளாச்சே, வெட்டு" என்றார். சட்டைத் துணியை இரண்டாக மடித்து, தலை நுழையும் அளவுக்கு நடுவில் ஒரு வெட்டு. கை இல்லை, காலர் இல்லை, பொத்தான் இல்லை, பை இல்லை. கட்டுவதற்கு அதே துணியின் ஓரத்திலிருந்து நாடா கிழித்துக் கொள்கிறோம். ஓராண்டு முழுதும் நான் கற்ற எந்தத் தையலுக்கும் அங்கே வேலையில்லை. கழுத்தைச் சிறிதாக வெட்ட வேண்டும் என்ற ஒன்றைத் தவிர.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் ஜைனப் (ரலி) மறைந்தபோது, குளிப்பாட்டிய பெண்களிடம் பெருமானார் தம் இடுப்புத் துணியையே கொடுத்து, அதை மகளின் மேனியோடு ஒட்டி அணிவிக்கச் சொன்னார்கள் என்பதை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு தந்தை மகளுக்கு அணிவித்த கடைசி உடை அது. கத்தரியைக் கீழே வைத்தபோது என் நினைவில் இருந்தது அதுதான்.

மற்றொரு செய்தியையும் பிறகு நினைத்துக் கொண்டேன். ஹஜ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் தம் மரணத் தறுவாயில், தாம் அணிந்திருந்த பழைய ஆடையையே துவைத்து, இன்னும் இரண்டு துணிகளைச் சேர்த்துக் கபனிடும்படி கூறினார்கள். இது பழையதாயிற்றே என்று அன்னை ஆயிஷா (ரலி) சொன்னபோது, புதியதற்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே அதிக உரிமை உடையவர் என்றார்கள். நம் பெட்டிகளில் உறங்கும் புதுத் துணிகளை நினைத்து இந்தச் சொல்லைச் சிந்தித்துப் பாருங்கள். எடுத்து வைக்கத் தகுந்த துணி ஒன்று உண்டென்றால் அது அந்த வெள்ளைத் துணிதான். அதற்குரிய நாள் நிச்சயம் வரும். மற்றவை அனைத்தும் உயிரோடிருப்பவர்களுக்கு உரியவை; இன்றே உரியவை.

ஆண்டுக் கணக்கு

துல்ஹஜ் முடிவில் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். தைத்தவை மொத்தம் 25. இயந்திரப் பழுது, நூல், ஊசி, எண்ணெய், பொத்தான் எல்லாம் சேர்த்துச் செலவு 1,860 ரூபாய். இவற்றை வெளியில் கொடுத்திருந்தால் எங்கள் ஊர்க் கூலிப்படி 3,220 ரூபாய் ஆகியிருக்கும். ஆக, மிச்சம் 1,360 ரூபாய். வீணாகிய துணியின் விலையைக் கழித்தால் அதிலும் குறையும். 'வீட்டில் தைத்தால் ஆயிரக்கணக்கில் சேமிக்கலாம்' என்று யாரேனும் சொன்னால், முதலாண்டில் அதை நம்ப வேண்டாம். எனக்குக் கிடைத்த இலாபம் வேறு.

23 துணிகளில் தையலுக்குச் சென்றவை 14. கபனுக்குச் சென்றது ஒன்று. மீதி எட்டில் ஐந்தை மணமாகவிருந்த ஏழைப் பெண்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன். எஞ்சியவை மூன்று.

தையல் இயந்திரமோ மாமியாருடையது. எனவே அது வாரிசுகளின் சொத்து. என் கணவரும் நாத்தனார்மார் இருவரும் கலந்து பேசி மனமொப்பி, தங்கள் தாயாரின் பெயரால் அதைத் தர்மமாகக் கொடுக்க முன்வந்தார்கள். யாருக்கு என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. இத்தா முடிந்து வெளியே வந்த அந்தச் சகோதரியின் வீட்டுத் திண்ணையில் இப்போது அது ஓடிக் கொண்டிருக்கிறது. பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் சீருடைகளின் ஓரம் மடித்துக் கொடுத்து முதற்கூலி பெற்றார். என் மூன்று துணிகளையும் அவரிடமே கொண்டு போய்க் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்று மறுத்தார். முழுக் கூலியையும் கையில் வைத்து அழுத்தினேன். பெட்டி காலியாயிற்று.

நீங்களும் தொடங்கலாம்

இதைப் படிக்கும் சகோதரிகளுக்குச் சில சொற்கள்:

தலையணை உறையில் தொடங்குங்கள், சல்வாரில் தொடங்காதீர்கள்.

மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16. நூல் அடிக்கடி அறுந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லுமுன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

பெருநாள் உடைகளை ஷஅபானிலேயே முடித்து விடுங்கள். ரமளானின் இரவுகள் ஊசிக்கு உரியவை அல்ல.

ஒவ்வொரு முறை உங்கள் பிள்ளைக்கு வெட்டும்போதும், அதே துணியில் இன்னொரு பிள்ளைக்கும் இடமிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

கபன் வெட்டும் முறையை அறிந்த மூதாட்டி ஒருவர் உங்கள் மஹல்லாவில் இருப்பார். அவர் இருக்கும்போதே போய்க் கற்றுக் கொள்ளுங்கள்.

இப்போது என்னிடம் இயந்திரம் இல்லை. கையூசியால் பொத்தான் தைக்கிறேன். கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிறேன். மகனின் ஜிப்பாவில் விடுபட்ட அந்தக் கடைசிக் காஜாவையும் சென்ற வாரம்தான் எடுத்து முடித்தேன். அதற்குள் ஜிப்பா அவனுக்குச் சிறிதாகிவிட்டது. பரவாயில்லை, அதைப் போட்டுக்கொள்ள நான்கு வீடு தள்ளி ஒரு சிறுவன் இருக்கிறான்.

நம் கைகளை நீண்ட கைகளாக வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! என் மாமியாரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய கப்றை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.